பிரிகேடியர்: ரெஜிமென்டைக் கழற்றி வைக்கும் பதவி

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் இந்தியத் தரைப்படையில் கர்னலுக்கு அடுத்த மேல்பதவியான பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்ட அதிகாரிகளும் ஒரே மாதிரியான சீருடையை அணிந்து வருகிறார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கூடிய ராணுவத் தளபதிகள் மாநாட்டில் விவாதித்து எடுத்த முடிவு அது. தொப்பி, தோளில் அணியும் பதவிச் சின்னம், கழுத்துப் பட்டை, இடுப்பு வார், காலணி எல்லாம் பொதுவாகிவிட்டன. தோளைச் சுற்றித் தொங்கும் லேன்யார்டு கயிறு அறவே போய்விட்டது. கர்னல் வரையிலான அதிகாரிகளுக்கு எந்த மாற்றமும் இல்லை. செய்தித்தாள்கள் ஓரிரு பத்திகளில் முடித்துக்கொண்ட இந்த அறிவிப்பைப் படித்தபோது, ராணுவத்தில் பிரிகேடியர் என்ற பதவிக்கு உள்ள தனித்தன்மையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆணை இதற்கு முன் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. பல நாட்களாக மனத்தில் கிடந்த அந்த எண்ணத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ராணுவ உடை என்றால் பச்சை உடை, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களுக்கோ ஒருவர் நூறடி தூரத்தில் வரும்போதே அவர் எந்தக் குடும்பத்துப் பிள்ளை, அதாவது எந்த ரெஜிமென்டைச் சேர்ந்தவர், என்று சொல்லிவிட முடியும். பாராசூட் ரெஜிமென்டுக்கு மெரூன் பெரே தொப்பி, கவசப்படைக்குக் கறுப்பு, கூர்க்காக்களுக்கு ஒருக்களித்து வைத்த அகன்ற விளிம்புத் தொப்பி, ரைஃபிள் ரெஜிமென்டுகளுக்குப் பளபளக்கும் பித்தளைக்குப் பதிலாகக் கறுப்புநிறப் பதவிச் சின்னங்கள். இருபது இருபத்தொரு வயதில் லெப்டினன்டாகச் சேர்ந்த நாளில் அணிந்துகொள்ளும் இந்த அடையாளங்களை ஓர் அதிகாரி ஏறக்குறைய கால் நூற்றாண்டு சுமந்து நடக்கிறார். அந்தப் பிணைப்பு வெறும் பற்று அன்று. மலைமுகட்டில் குண்டுமழைக்கு நடுவே ஒரு சிப்பாய் எழுந்து முன்னே ஓடுவதற்கு நாடு, கொடி என்பவற்றைக் காட்டிலும் பக்கத்தில் இருக்கும் தோழனும், ரெஜிமென்டுக்குள் தன் படைப்பிரிவான பட்டாலியனின் பெயரும்தான் உடனடிக் காரணம் என்பதைப் போரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

என் தந்தை மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அஸ்ஸாயே யானை பொறித்த தொப்பிச் சின்னத்தை இன்றும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவருடைய கம்பெனிக்கு வடக்கிலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர், சிப்பாய்களின் மொழியைக் கற்றாக வேண்டும் என்ற ரெஜிமென்டு வழக்கப்படி தமிழ் படிக்கத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதான சமையற்காரருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டாராம். 'வீர மதராஸி, அடி கொல்லு' என்ற போர்முழக்கத்தை எங்களைவிட அழுத்தமாகச் சொல்வார் என்று அப்பா இன்றும் அவரை நினைவுகூர்வார். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள் பிரிகேடியராகிறார். அன்றிலிருந்து அவர் பொறுப்பில் ஒரு சீக்கிய பட்டாலியனும் ஒரு குமாவுன் பட்டாலியனும் ஒரு கர்வால் பட்டாலியனும் இருக்கலாம். மதராஸ் பட்டாலியன் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். தொப்பியில் யானைச் சின்னம் அணிந்த ஒருவரிடமிருந்து, 'இன்றிரவு உங்கள் பட்டாலியன்தான் முதலில் ஏற வேண்டும்' என்ற ஆணையைக் கேட்கும் கர்வாலி சிப்பாயின் மனத்தில் 'நம்மை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றுகிறாரோ' என்ற ஐயத்தின் நிழல்கூட விழக் கூடாது. 2023ஆம் ஆண்டு முடிவின் உயிர்நாடி இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த இடத்துக்கு வந்து சேர்வது எளிதன்று. லெப்டினன்டாகச் சேர்ந்தவர் 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் என்று பணிக்காலத்தை வைத்தே உயர்ந்துவிடலாம். அதன் பிறகுதான் வாசல் குறுகுகிறது. கர்னல் பதவிக்கு 3ஆம் எண் தேர்வுக் குழு, பிரிகேடியர் பதவிக்கு 2ஆம் எண் தேர்வுக் குழு, மேஜர் ஜெனரலுக்கு 1ஆம் எண் தேர்வுக் குழு என்று ஒவ்வொரு படியிலும் சல்லடை. தேர்வு பெறாதவர்களுக்கு 26 ஆண்டுப் பணி முடிந்ததும் கால அடிப்படையில் கர்னல் பதவி கிடைக்கும். பிரிகேடியருக்கு அப்படி ஒரு பக்கவாசல் கிடையாது. ஒரு பட்டாலியனைத் தலைமை தாங்கி நடத்திய அனுபவமும், ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கைகளும், பயிற்சிகளில் பெற்ற தகுதியும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. பலருடைய பாதையில் நம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் பயிற்சிக் கல்லூரியும், மாவ் நகரத்துப் போர்க் கல்லூரியும் கட்டாயம் குறுக்கிடும். இவ்வளவும் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே, 56 வயதில், ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

பதவிச் சின்னத்திலேயே இந்த நடுநிலை தெரிகிறது. லெப்டினன்ட் கர்னலுக்கு அசோகச் சிங்கமும் ஒரு நட்சத்திரமும். கர்னலுக்குச் சிங்கமும் இரண்டு நட்சத்திரங்களும். பிரிகேடியருக்குச் சிங்கமும், அதன் கீழே முக்கோணமாக அமைந்த மூன்று நட்சத்திரங்களும். அடுத்த படியான மேஜர் ஜெனரலிடம் சிங்கம் மறைந்து, குறுக்காக வைத்த வாளும் கோலும் வந்துவிடுகின்றன. அதாவது தோளைப் பார்த்தால் பிரிகேடியர் களத்து அதிகாரிகளின் வரிசையில் கடைசியாக நிற்கிறார். அவருடைய காரின் நட்சத்திரத் தகட்டைப் பார்த்தால், ஒற்றை நட்சத்திரத்தோடு தளபதிகளின் வரிசையில் முதலாவதாக நிற்கிறார். சம்பளப் பட்டியலும் இதையே சொல்கிறது. 7ஆவது ஊதியக் குழுவின்படி 1,39,600 ரூபாயில் தொடங்கும் 13ஏ நிலைச் சம்பளத்தோடு, களப்பணியின் கடுமைக்காக அதிகாரிகளுக்கு வழங்கப்படும் 15,500 ரூபாய் ராணுவப் பணி ஊதியம் கிடைக்கும் கடைசிப் பதவி இதுவே.

ஒரு காலாட்படை பிரிகேடு என்பது பொதுவாக மூன்று பட்டாலியன்களும் அவற்றுக்குத் துணையான பிரிவுகளும் சேர்ந்த, மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் கூட்டம். தலைமையகத்தில் போர்த்திட்ட வேலைகளுக்குப் பிரிகேடு மேஜர் என்ற ஒருவரும், ஆள், உணவு, தளவாடம், வண்டி வேலைகளுக்கு டி.க்யூ. என்று எல்லோரும் அழைக்கும் ஒருவரும் இருப்பார்கள். இருவரும் பெரும்பாலும் மேஜர் நிலையில் உள்ள இளைஞர்கள். இரவு இரண்டு மணிக்கும் அவர்கள் மேசையில் விளக்கு எரியும். பட்டாலியன் தலைவர் சி.ஓ., பல பிரிகேடுகள் சேர்ந்த டிவிஷனின் தலைவர் ஜி.ஓ.சி.; பிரிகேடியரை மட்டும் வெறுமனே 'கமாண்டர்' என்பார்கள். எல்லாப் பிரிகேடியர்களும் களத்தில் பிரிகேடு நடத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோர் தலைமையகங்களில் திட்டமிடுபவர்கள், பெரிய நாடுகளின் தூதரகங்களில் ராணுவப் பிரதிநிதிகளாக இருப்பவர்கள், வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டு மையத்தைப் போன்ற பயிற்சி மையங்களை நடத்துபவர்கள் என்று பலவகை உண்டு. ஆனாலும் அந்தப் பதவியின் பெயர் எதிலிருந்து பிறந்ததோ அந்தக் களத் தலைமையே அதன் மையம்.

சிப்பாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் கமாண்டர் என்பவர் ஆண்டுக்கு ஓரிரு முறை கண்ணில் படும் மிகப் பெரிய மனிதர். அவர் ஆய்வுக்கு வருகிறார் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிப்பது, ஆயுதக் கிடங்கில் ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிடுவது, சமையற்கூடத்துப் பாத்திரங்களைக் கண்ணாடி போலத் துலக்குவது என்று அப்பா அடுக்கிக்கொண்டே போவார். ஆய்வு முடிந்ததும் சைனிக் சம்மேளன். அனைத்து வீரர்களும் தரையில் அமர்ந்திருக்க, கமாண்டர் நின்று பேசுவார். அன்றிரவு அதிகாரிகளும் வீரர்களும் சேர்ந்து உண்ணும் படா கானா. அப்படி ஒரு விருந்தில் கமாண்டர் தட்டோடு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, "குழந்தைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள்?" என்று இந்தியில் கேட்டிருக்கிறார். "சாப், மூத்தவள் ஐந்தாம் வகுப்பு" என்று சொன்ன அப்பாவிடம், விடுப்பு எப்போது கிடைத்தது, குடும்பத்துக்குக் குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறார்களா என்று மேலும் இரண்டு கேள்விகள். பக்கத்தில் நின்ற சுபேதார் மேஜர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் வீடு கிடைத்தது. ஒரு டிவிஷன் தளபதியால் இதைச் செய்ய முடியாது என்பதில்லை. அவ்வளவு அருகில் வர அவருக்கு வாய்ப்பு குறைவு. ஒரு சிப்பாயின் முகத்தை நேரில் பார்த்து, அதே சிப்பாயின் உயிரை வரைபடத்தில் வைத்துத் தீர்மானிக்கும் கடைசி அதிகாரி பிரிகேடியர்தான்.

அந்தத் தீர்மானம் தன் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு, சீனாவுடன் போர் மூண்ட 1962 அக்டோபர் சாட்சி. நாம்கா சூ என்ற மலையாற்றின் கரையில் 7ஆவது காலாட்படை பிரிகேடு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கமாண்டர் பிரிகேடியர் ஜான் தால்வி. எதிரே உயரத்தில் தாக்லா முகடு சீனர்களின் வசம். பள்ளத்தில் நிற்கும் படை, உயரத்தில் நிற்கும் படையை விரட்ட வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. போதிய குளிருடையும் குண்டுகளும் இல்லை, இந்த இடம் காக்கத் தகுந்ததன்று என்று தால்வி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பலனில்லை. அக்டோபர் 20 அதிகாலையில் தொடங்கிய தாக்குதலில் சில மணி நேரத்தில் பிரிகேடு சிதறிப்போனது. 22ஆம் தேதி அவரே சிறைபிடிக்கப்பட்டு, 1963 மே மாதத்தில்தான் விடுவிக்கப்பட்டார். ஒரு பிரிகேடியர் 'முடியாது' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும், சொன்ன பிறகும் ஆணை மாறாதபோது தன் ஆட்களோடு அதே பள்ளத்தில் நிற்பதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துவிடுகிறது. தோல்வியின் முகமாக அவரைப் பார்த்தவர்கள் பலர்; என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான நினைவு கார்கிலில் இருக்கிறது. 1999 ஜூலையில் டைகர் ஹில் தாக்குதல் 192ஆவது மலைப் பிரிகேடின் பொறுப்பில் நடந்தது. கமாண்டர் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா. 18 கிரெனடியர்ஸ், 8 சீக் என்ற இரண்டு பட்டாலியன்கள் அந்த முகட்டைப் பிடித்த பிறகு, எதிர்த்தாக்குதலை நடத்தி இறந்த பாகிஸ்தான் அதிகாரி கேப்டன் கர்னல் ஷேர் கானின் ('கர்னல்' என்பது அவருடைய பெயரின் பகுதி) உடலைக் கீழே கொண்டுவரச் சொன்ன பாஜ்வா, அந்த மனிதர் துணிச்சலோடு போரிட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பினார். பாகிஸ்தான் பின்னர் தன் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-இ-ஹைதரை அவருக்கு வழங்கியது. தன் பக்கத்துப் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் எதிரியின் வீரத்தை எழுத்தில் பதிந்து வைப்பதற்கு, அந்தச் சண்டையை மிக அருகிலிருந்து கேட்டிருக்க வேண்டும். அதே சமயம் அதைத் தாண்டிப் பார்க்கும் உயரத்திலும் இருக்க வேண்டும்.

போர்க்கள வீரத்துக்கான நம் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் பிரிகேடியர் ஒருவரும் இல்லை. அவர்களில் மிக உயர்ந்த பதவி வகித்தவர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர். அதனால்தானோ என்னவோ, பள்ளிப் பாடங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் மேஜர்களும் கேப்டன்களும் ஒருபுறம், ஜெனரல்கள் மறுபுறம் நிற்க, நடுவே இருப்பவர்கள் மறைந்துவிடுகிறார்கள். 1945இல் அரக்கான் பகுதியில் 36ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேடைப் போரில் நடத்திய திம்மையாவை நாம் பிற்காலத் தலைமைத் தளபதியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1947 நவம்பர் 7 அன்று ஷாலடெங்கில் ஸ்ரீநகரைக் காப்பாற்றிய சண்டையை 161ஆவது பிரிகேடின் கமாண்டராக நின்று நடத்திய எல்.பி. சென்னின் பெயர் தமிழில் எழுதப்பட்டு நான் கண்டதே அரிது. நம் மண்ணிலேயே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தபோது, ஜெனரல் பிபின் ராவத்தின் பெயர் உலகமெங்கும் பேசப்பட்டது, அது முறைதான். அதே ஹெலிகாப்டரில் அவருடைய பாதுகாப்பு உதவியாளராக இருந்த பிரிகேடியர் எல்.எஸ். லிட்டர், மேஜர் ஜெனரல் பதவிக்குத் தேர்வாகி, அதை ஏற்கும் நாளுக்காகக் காத்திருந்தவர். போர்வைகளோடு ஓடிவந்த அந்தக் கிராமத்து மக்களுக்கு அன்று யார் ஜெனரல், யார் பிரிகேடியர் என்று தெரிந்திருக்க வழியில்லை.

பொதுச் சீருடையால் ரெஜிமென்டு உணர்வு மங்கிவிடும் என்று வருந்திய ஓய்வுபெற்ற அதிகாரிகள் உண்டு. அவர்களுடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். கால் நூற்றாண்டு தலையில் இருந்த தொப்பியைக் கழற்றுவது எளிய செயலன்று. ஆனால் மேலே போகப் போக, பதவி உயர்வுக் குழுக்களில் அமர்ந்து மற்றவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்த பிறகு, 'இவர் நம்மவர்' என்ற எண்ணம் மேசையில் இருக்கக் கூடாது என்பதே நியாயம். அதிலும், ரெஜிமென்டே இல்லாமல் போன ஒருவர் எப்படி ஒரு மாபெரும் கமாண்டராக நின்றார் என்பதை நம் ராணுவம் தன் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டது.

பிரிகேடியர் முகம்மது உஸ்மான் 1912 ஜூலை 15 அன்று பிறந்து, சாண்ட்ஹர்ஸ்டில் பயின்று, 1934இல் அதிகாரியாகி, 1935இல் பலூச் ரெஜிமென்டில் சேர்ந்தவர். பிரிவினையின்போது அந்த ரெஜிமென்டு பாகிஸ்தானுக்குப் போனது. தானும் போயிருந்தால் வேகமாக உயர்ந்திருக்கலாம். அங்கிருந்து அழைப்பும் வந்ததாகச் சொல்வார்கள். அவர் இந்தியாவில் தங்கினார். பெயரளவில் டோக்ரா ரெஜிமென்டுக்கு மாற்றப்பட்டார். 1947 டிசம்பர் இறுதியில் ஜம்முப் பகுதியில் ஜங்கர் என்ற ஊர் கைவிட்டுப்போன பிறகு, 1948 ஜனவரியில் 50ஆவது பாராசூட் பிரிகேடு அவர் பொறுப்புக்கு வந்தது. ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி எடுத்து, அந்த மலைக்குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். பிப்ரவரி 6 அன்று நவ்ஷேரா மீது பெரும் தாக்குதல் வந்தது. தைந்தார் முகட்டில் நாயக் ஜதுநாத் சிங் தன் காவல்நிலையைத் தனி ஆளாக நின்று காத்து உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்றது அன்றுதான். நவ்ஷேரா விழவில்லை, மார்ச் 18 அன்று ஜங்கரும் மீட்கப்பட்டது. அன்றிரவு கமாண்டருக்குப் படுக்க ஒரு கட்டில் தேவைப்பட்டது. பிரிகேடு தலைமையகத்தில் கட்டிலே இல்லாததால் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தார்கள்.

ஜூலை 3 மாலை ஜங்கரில் எதிரியின் பீரங்கிக் குண்டு அருகே விழுந்து வெடித்ததில் உஸ்மான் இறந்தார். 36 வயது நிறைய 12 நாட்கள் இருந்தன. பாகிஸ்தானுடன் நடந்த 1947-48 காஷ்மீர்ப் போரில் களத்தில் வீழ்ந்த மிக உயர்ந்த இந்தியத் தரைப்படை அதிகாரி அவரே. மகாவீர் சக்ரா மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. டெல்லியில் நடந்த இறுதி ஊர்வலத்தில் கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் பிரதமர் நேருவும் கலந்துகொண்டார்கள். ஜாமியா மில்லியா வளாகத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2020 டிசம்பரில் அந்தக் கல்லறை சேதமடைந்து கிடப்பது வெளியே தெரிந்ததும், ராணுவமே முன்வந்து அதைச் சீரமைத்தது. அவரை வளர்த்த பலூச் ரெஜிமென்டு எல்லைக்கு அப்பால் இருக்கிறது; டோக்ரா ரெஜிமென்டில் அவர் ஒரு நாளும் பட்டாலியன் நடத்தியதில்லை. ஜூலை 3 வரும்போது அவருக்கு மரியாதை செலுத்துபவர்களில் முன்நிற்பது, அவர் ஆறு மாதமே தலைமை தாங்கிய பாராசூட் பிரிகேடுதான்.